பதினோரு காலைகள்

முடியாது என்று நான் சொல்லவில்லை, நாற்பது நிமிஷம் கொடுங்கள் சார் என்றுதான் சொன்னேன். அதற்கே எங்கள் மேலாளர் வைத்தியலிங்கம் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார், இரண்டில் எதுவாவது எனக்குக் கூடுதலாக நேரம் கொடுத்துவிடுமோ என்று பயந்ததுபோல. பதினொன்று இருபது. பன்னிரண்டு மணிக்கு அறங்காவலர் கூட்டம், ஐந்து பேரும் வந்துவிட்டார்கள், கூட்ட அறையில் மோர் தம்ளர் வைக்கும் சத்தம் கேட்கிறது. கீழ்த்தளத்தில் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் புள்ளி எழுத்தில் பாடநூல் அடிக்கிற பிரெயில் அச்சு இயந்திரம் தட்டிக்கொண்டிருக்கிறது, தடதட தடதட, பன்னிரண்டு வருஷமாகக் கேட்கிற சத்தம், நின்றால்தான் திடுக்கிடும். சார் என்ன சொன்னார், வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன், அவர் கோபமாகப் பேசினால் எனக்குப் பாதிதான் காதில் ஏறும். "அமலா, பத்தாம் வகுப்பு அறிவியல் ரெண்டாம் தொகுதி திங்கக்கெழம மெஷின்ல ஏறணும். அழகேசன் பதினோரு நாளா ஒரு பக்கம்கூட அனுப்பல. காலைல நானே போன் போட்டுக் கேட்டா, ஃபோல்டர் தொறக்கலைங்கறார். பதினோரு நாளா தொறக்காதது இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா அவருக்கு? கூட்டத்துல சொல்லிடப் போறேன், இனிமே புரூஃப் வேலைய வெளில ஒரு ஏஜென்சிகிட்ட குடுத்துடலாம்னு." இவ்வளவுதான் சொன்னார். இவ்வளவும் சொன்னார். ஏஜென்சிகிட்ட என்றால் அழகேசன் சாருக்கு வேலை இல்லை என்று அர்த்தம். என் கதவில் 'அமலோற்பவம், கணினிப் பிரிவு' என்று ஒரு பலகை இருக்கிறது, பிரிவு என்றால் நான் ஒருத்திதான், எங்கள் கணினிக் களஞ்சியத்தில் எந்த ஃபோல்டரை யார் திறக்கலாம், யார் திறக்கக் கூடாது என்று தீர்மானிக்கிற கை இந்தக் கைதான். ஆகவே திறக்கவில்லை என்றால் அதற்குக் காரணம் இந்தத் திரைக்குள் எங்கோ இருக்கிறது. காரணம் இருக்கிறது என்றால் கண்டுபிடித்துவிடுவேன். இதுவரை கண்டுபிடிக்காமல் விட்டதில்லை.

முதலில் அழகேசன் சாரையே கேட்டுவிடலாம். லால்குடியில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார், மாதம் ஒருமுறை இங்கே திருச்சிக்கு வருவார், பிறவியிலேயே பார்வை இல்லாதவர், கணினி படித்துச் சொல்லும் குரலைக் கேட்டுக்கொண்டே புள்ளிகள் எழும்பி அடங்கும் பட்டையில் விரலை ஓட்டித் திருத்துவார். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். "சொல்லுங்க மேடம்." திறக்கும்போது சரியாக என்ன சொல்கிறது சார், ஒரு வார்த்தை விடாமல் சொல்லுங்கள் என்றேன். "'இந்தக் கோப்புறையைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை.' அவ்வளவுதான் மேடம்." மனப்பாடமாகச் சொன்னார். கடவுச்சொல் கேட்கிறதா, உள்ளே வர முடிகிறதா? "வர முடியுது. ஃபோல்டர் பேரெல்லாம் வாசிக்குது. தொறந்தாதான் இல்லைங்குது." சரி சார், பார்த்துக்கொண்டிருக்கிறேன், பன்னிரண்டுக்குள் சரியாகிவிடும் என்றேன். "பரவால்ல மேடம். உங்களுக்கு எதுக்குச் சிரமம்." இந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. மரியாதையாகத்தான் சொன்னார், ஆனால் இது அவர் பேச்சில்லை. அவர் பேச்சு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். போன வருஷம் ஒன்பதாம் வகுப்பு ஒளியியல் பாடத்தைத் திருத்தும்போது காலை பத்து மணிக்குக் கூப்பிட்டு ஒரு சத்தம் போட்டார். "மேடம், வண்டில பின்னாடி வர்றதக் காட்டற கண்ணாடி குவி ஆடி. இதுல குழி ஆடின்னு இருக்கு. புள்ளில பாத்தா ழவுக்கும் வவுக்கும் ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம். கண்ணு தெரியற பசங்க படத்தப் பாத்துத் திருத்திக்குவாங்க. எங்க பசங்களுக்குப் படம் எங்க இருக்கு? இந்த ஒரு புள்ளிதான் இருக்கு." அன்று முழுக்க எனக்கு அந்த ஒரு புள்ளிதான் ஞாபகம். பேருந்தில் ஓட்டுநருக்கு மேலே இருந்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வீடு இருக்கிற பொன்மலைவரை போனேன். அப்படிச் சத்தம் போட்ட மனுஷன் இன்று உங்களுக்கு எதுக்குச் சிரமம் என்கிறார். அதை அப்புறம் யோசிக்கலாம். இப்போது ஃபோல்டர்.

ஒழுங்காக, கீழிருந்து மேலே. அவர் கணக்கு உயிரோடு இருக்கிறதா? இருக்கிறது, பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் பொட்டு. புரூஃப் பார்ப்பவர்கள் குழுவில் இருக்கிறாரா? இருக்கிறார், நான்கு பேரில் இரண்டாவது பெயர். அந்தக் குழுவுக்கு அறிவியல் ஃபோல்டரில் படிக்க, திருத்த இரண்டுக்கும் அனுமதி இருக்கிறதா? இருக்கிறது. அதே குழுவில் இருக்கிற புதுக்கோட்டைக்காரர் நேற்று மாலைகூட அதே ஃபோல்டரைத் திறந்திருக்கிறார், ஆகவே குழுவில் கோளாறு இல்லை. மேல் ஃபோல்டரின் அனுமதி கீழ் ஃபோல்டருக்கு இறங்கி வருகிறதா, நடுவில் யாராவது அறுத்துவிட்டார்களா? பாடநூல்கள், பத்தாம் வகுப்பு, அறிவியல், தொகுதி இரண்டு, ஒவ்வொரு படியாக இறங்கிப் பார்த்தேன், எங்கும் அறுபடவில்லை, தண்ணீர்க் குழாய் மாதிரி மேலிருந்து கீழே ஒழுங்காக வருகிறது. எனக்கு இந்த வேலை பிடிக்கும். யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பார்கள், என் வீட்டுக்காரர் மரியதாஸிடம் சொன்னால் அவர் ரயில்வே பட்டறையில் இறுக்குகிற ஒவ்வொரு நட்டையும் எனக்கு விளக்கத் தொடங்குவார். ஆனால் பிடிக்கும். குழப்பமாகத் தெரிகிற ஒன்று உண்மையில் குழம்பியிருக்காது, யாரோ எப்போதோ ஒரு பொத்தானை அழுத்தியிருப்பார்கள், அதை அழுத்தியதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும், அந்தக் காரணம்வரை பொறுமையாக நடந்து போனால் போதும். போய்விடுவேன். பதினொன்று முப்பத்திரண்டு. ஏசி காற்றைத்தான் விடுகிறது, குளிரை விடவில்லை, கத்திரி முடிந்தும் வெயில் ஜன்னல் கம்பியைத் தொட முடியாமல் காய்ச்சுகிறது, கழுத்தில் சிலுவைச் சங்கிலி ஒட்டுகிறது. எல்லாம் சரியாக இருக்கிறது. எல்லாம் சரியாக இருந்தும் திறக்கவில்லை. இப்படி வருவது அபூர்வம்.

இன்டர்காம் அடித்தது. வைத்தியலிங்கம் சார்தான். "என்னம்மா ஆச்சு? இன்னும் தேடிட்டா இருக்க? மேல பாடநூல் ஃபோல்டர எல்லாருக்கும்னு தொறந்து வுட்ரு, அவர் ரெண்டு நாளு வேல பாக்கட்டும், அப்புறம் மூடிக்கலாம். ரெண்டு நிமிஷ வேல." ரெண்டு நிமிஷம்கூட இல்லை சார், இருபது வினாடி. அதனால்தான் செய்ய மாட்டேன் என்றேன். இவ்வளவு வெடுக்கென்று சொல்லியிருக்க வேண்டாம், ஆனால் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் ஒரு மூச்சு, போன் வைக்கப்பட்டது. பாடநூல் ஃபோல்டருக்குள்தான் மாணவர் பட்டியல் இருக்கிறது, எந்தப் பள்ளிக்கு எத்தனை புத்தகம் என்று தெரிய வேண்டும் அல்லவா, அந்தப் பட்டியலுக்குக் கீழே மருத்துவச் சான்றிதழ்கள், அம்மா அப்பா போன் நம்பர்கள். நான் வந்த இரண்டாம் வருஷம் எனக்கு மேலே இருந்தவர் ஒருநாள் இப்படித்தான் அவசரத்துக்கு எல்லாருக்கும் என்று திறந்தார். அப்புறம் மூடிக்கலாம் என்றுதான் திறந்தார். ஏழு மாதம் திறந்தே கிடந்தது. யார் எடுத்தார்கள், எங்கே விற்றார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை, ஆனால் இருநூற்றுச் சொச்சம் வீட்டுக்குப் போன் போயிருக்கிறது, உங்கள் பிள்ளைக்குப் பார்வை திரும்ப வரும், எங்களிடம் தைலம் இருக்கிறது என்று. மணப்பாறையிலிருந்து ஒரு அம்மா வந்தார், மஞ்சப் பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்து இதே மேசையில் வைத்தார். "மேடம், பாப்பா பேரு, பொறந்த தேதி, எந்த ஆஸ்பத்திரில பாத்தோம் எல்லாம் சரியாச் சொன்னாங்க. அப்ப இதுவும் சரியாத்தான இருக்கும்?" ஒரு வாரமாகக் குழந்தையின் கண்ணில் விட்டிருக்கிறார், இமையெல்லாம் வீங்கி. நான் அந்த அம்மாவுக்கு என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில்லை, குப்பியின் மூடி பச்சை நிறம் என்பது நினைவிருக்கிறது. அடுத்த மாதமே களஞ்சியத்தை என் பொறுப்பில் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஆகவே சார் கோபித்துக்கொள்ளட்டும். தெரியாத காரணத்துக்காகத் தெரிந்த கதவுகளைத் திறந்து போட மாட்டேன்.

பதினொன்று முப்பத்தெட்டு. மறுபடியும் முதலிலிருந்து பார்த்தேன், கணக்கு, குழு, இறக்கம், எல்லாம் முன்பு போலவே சரி. ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறேன், மாடு செக்கைச் சுற்றுகிற மாதிரி. சரி, வேறு பக்கம், பதிவேடு, யார் எப்போது எதைத் தொட்டார்கள் என்று களஞ்சியம் தானே எழுதி வைத்துக்கொள்வது. அழகேசன் என்று தேடினேன். வந்தது. பத்தொன்பதாம் தேதி திங்கட்கிழமை, ஒன்பது முப்பது, மறுக்கப்பட்டது. செவ்வாய், ஒன்பது முப்பது, மறுக்கப்பட்டது. புதன், ஒன்பது முப்பத்தொன்று. வியாழன், ஒன்பது முப்பது. வெள்ளி, சனி. ஞாயிறு இல்லை. மறுபடி திங்கள், செவ்வாய், புதன், வியாழன், இன்று வெள்ளி. பதினோரு வரி. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினேன். பதினோரு காலை, ஒவ்வொரு காலையும் ஒன்பதரைக்கு, வேலை தொடங்குகிற நேரத்துக்கு வந்து கதவைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். இன்றுதான் தெரிந்ததா என்று சார் கேட்டாரே, முதல் நாளே தெரிந்திருக்கிறது. ஆனால் ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவை. அதுதான் எனக்குப் புரியவில்லை. கதவு திறக்காவிட்டால் மனுஷன் இரண்டு மூன்று தடவை தள்ளிப் பார்ப்பான், எனக்குப் போன் பண்ணுவான், திட்டுவான், ஒரு புள்ளிக்குச் சத்தம் போட்டவர் முழுப் புத்தகத்துக்கும் வாய் திறக்கவில்லை. ஒரு தடவை கேட்டுக்கொண்டு போய்விட்டிருக்கிறார். ஏன் கேட்கவில்லை? நானும்தான் கேட்கவில்லை. நிலானியிடம் நான் கேட்டேனா? இப்போது நிலானி எதற்கு. கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருக்கிற என் மகள் இந்தத் திரைக்குள் எப்படி வந்தாள். வந்துவிட்டாள், இனிப் போக மாட்டாள். இரண்டு வாரத்துக்கு முன்னால் திண்டுக்கல்லிலிருந்து என் தங்கச்சி தெரசா போன் பண்ணி, "அக்கா, நிலானி ஸ்டேட்டஸ் பாத்தியா, மயில் கழுத்துக் கலர்ல பொடவ கட்டி, என்னமா இருக்கா" என்றாள். நான் பார்க்கவில்லை. என் போனில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. நெட் சரியில்லை என்று நினைத்தேன், அணைத்துப் போட்டேன், இல்லை. மரியதாஸ் போனைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன், இருந்தது, புடவையில் சிரித்துக்கொண்டு, பக்கத்தில் நான்கைந்து தோழிகள், ஒரு பையன். அப்பாவுக்குத் தெரிகிறது, சித்திக்குத் தெரிகிறது, பால்காரருக்குக்கூடத் தெரிந்திருக்கும், எனக்கு மட்டும் இல்லை. அந்தப் பையன் யார் என்பதுகூட எனக்கு இரண்டாம் பட்சம்தான், நிஜமாகத்தான். ஊருக்கே தெரிவதை எனக்கு மட்டும் மறைக்க வேண்டும் என்றால் அவள் என் பெயரைத் தேடி, அம்மா என்று எழுதியிருப்பாளே, அதைத் தொட்டு, டிக் போட்டிருக்க வேண்டும். எல்லாருக்கும், அம்மா தவிர. அந்த டிக் போட ஒரு வினாடி ஆகியிருக்கும், அந்த ஒரு வினாடி என்ன நினைத்திருப்பாள்.

தவிர. நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எல்லாருக்கும், இவர் தவிர. நான் இவ்வளவு நேரமும் அழகேசன் சாருக்கு என்ன இல்லை என்று தேடிக்கொண்டிருந்தேன், எந்த அனுமதி குறைகிறது என்று. குறையவே இல்லை. எல்லாம் கொடுக்கப்பட்டிருக்கிறது, அதற்கு மேல் யாரோ தடை என்று ஒரு சிவப்பு டிக் போட்டிருக்கிறார்கள். எங்கள் களஞ்சியத்தில் ஒன்பது இடத்தில் அனுமதி இருந்தாலும் ஒரு இடத்தில் தடை இருந்தால் தடைதான் ஜெயிக்கும். ஒரு ஆளை மட்டும் எடுத்து வைத்து, அவரைத் தொடுகிற எல்லாக் குழுவையும் ஒரே பக்கத்தில் காட்டுகிற வசதி இருக்கிறது, நான் அதைத் திறந்தே பார்க்கவில்லை, எனக்குத்தான் எல்லாம் மனப்பாடம் ஆயிற்றே என்கிற திமிர். திறந்தேன். அழகேசன், கே. குழுக்கள் மூன்று. ஊழியர்கள், பச்சை. புரூஃப் பார்ப்பவர்கள், பச்சை. விலகியவர்கள், சிவப்பு. விலகியவர்கள். அந்தக் குழுவை உருவாக்கியது நான். இங்கிருந்து போகிறவர் பெயர் நான்கைந்து குழுவில் கிடக்கும், ஒவ்வொன்றிலும் தேடி எடுப்பதற்குள் ஒன்று விட்டுப்போகும், அதனால் விலகியவர் என்று ஒரே பட்டியலில் போட்டால் அன்றே எல்லாக் கதவும் சாத்திக்கொள்ளும், கணக்கை மாதக் கடைசியில் நிதானமாக நீக்கலாம். நல்ல ஏற்பாடு, அதைச் செய்த அன்று சார் எல்லார் முன்னாலும் பாராட்டினார். அழகேசன் எப்போது விலகினார்? விலகவில்லை. சேர்த்த தேதி பதினேழு, சனிக்கிழமை, மாலை நான்கு ஐம்பது. சேர்த்தவர், அமலோற்பவம். அன்றுதான் பாடம் வாசித்து ஒலிப்பதிவு செய்து கொடுத்த கல்லூரித் தன்னார்வலர்கள் நாற்பத்தொரு பேர் காலம் முடிந்து பட்டியல் வந்தது. இருபத்தெட்டாவது பெயர் கே. அழகேசன், பி.ஏ. இரண்டாம் ஆண்டு. களஞ்சியத்தில் இரண்டு அழகேசன், ஒருவர் முன்னால் கே, ஒருவர் பின்னால் கே. நான் பின்னால் கேயைத் தொட்டிருக்கிறேன். எனக்கு அந்தச் சனிக்கிழமை தெரியும். அன்று மதியம்தான் தெரசா போன் பண்ணினாள். நாற்பத்தொரு பெயரையும் நான் கண்ணால்தான் பார்த்தேன், மனசு மயில் கழுத்துக் கலரில் இருந்தது. காது மடல் சுடுகிறது. என் தப்பு. கொஞ்சம்கூட வேறு யாருடையதும் இல்லை, சர்வர் தப்பில்லை, அவர் கணினி தப்பில்லை. விசித்திரம், சுடும்போதே உள்ளே ஒரு ஓரத்தில் ஆறுதலாகவும் இருக்கிறது, கண்டுபிடித்துவிட்டேன், பதினொன்று நாற்பத்தேழு.

அவரை விலகியவர்களிலிருந்து எடுத்தேன். அந்தக் கல்லூரிப் பையனைச் சேர்த்தேன், இரண்டு தடவை பெயரைச் சத்தமாகப் படித்த பிறகு. மீதி நாற்பதையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன், சரி. லால்குடிக்குப் போன் போட்டேன். சார், இப்போது ஒருமுறை திறந்து பாருங்கள் என்றேன். "இப்பவா?" இப்பவே சார், நான் லைனில் இருக்கிறேன். கணினி கிளம்பும் சத்தம் கேட்டது, அதற்கு ஒரு நிமிஷத்துக்கு மேலே ஆயிற்று. பிறகு அந்தக் குரல், மூச்சு விடாமல் ஓடுகிற அந்தக் குரல், பாடம் பத்தொன்பது, பாடம் இருபது, பாடம் இருபத்தொன்று, பாடம் இருபத்திரண்டு. நின்றது. "தொறந்துடுச்சு மேடம்" என்றார். சார், தப்பு என்னுடையது, உங்கள் பெயரில் இன்னொரு பையன் இருக்கிறான், அவனை விலகியவர் பட்டியலில் போட வேண்டியவள் உங்களைப் போட்டுவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒரே மூச்சில் சொன்னேன். சார்? "அப்ப என்ன எடுக்கலையா?" எங்கிருந்து சார்? "வேலைலேருந்து." எனக்குப் புரிய இரண்டு வினாடி ஆயிற்று, புரிந்த பிறகு எழுந்து நின்றுவிட்டேன், எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. "அனுமதி இல்லைன்னு சொல்லிச்சுங்க. போன மாசம் கூட்டத்துல ஏஜென்சிகிட்ட குடுக்கலாம்னு ஒரு பேச்சு வந்துச்சுன்னு கேள்விப்பட்டேன். சரி, எடுத்துட்டாங்க, மொகத்துக்கு நேரா சொல்லச் சங்கடப்படறாங்கன்னு நெனச்சேன். இன்னிக்குக் காலைல சார் கேட்டப்பகூட, எடுத்ததுக்கு ஒரு காரணம் தேடறாருன்னுதான் தோணுச்சு. தெனம் காலைல ஒரு தடவ பாப்பேன், பாத்துட்டுப் பொட்டிய அணச்சுடுவேன். ஒருவேள மாறியிருக்குமோன்னு. ரெண்டாவது தடவ பாத்தா அசிங்கமா இருக்கும்ல மேடம்." எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே சார். "பண்ணி? நான் இருக்கேனா இல்லையான்னு கேக்கறதா?" குரலில் இப்போது பழைய சத்தம் கொஞ்சம் திரும்பியிருந்தது. "பதினோரு நாளு மேடம்." தெரியும் சார், பதினோரு நாளும் இங்கே எழுதியிருக்கிறது. "வீட்ல சொல்லல. காலைல ஹெட்போன மாட்டிக்கிட்டு மேசைல போய் ஒக்காந்துடுவேன், சாயங்காலம் அஞ்சு மணிக்கு எந்திரிப்பேன். பட்டை மேல வெரல வச்சுக்கிட்டு. வேலைக்காரன் மாதிரியே." நான்கு பாடம் பாக்கி இருக்கிறது சார், ஆரம்பித்துவிடுங்கள், மீதியை நான் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றேன்.

போய்ச் சொல்வது என்று வாயில் வந்துவிட்டதே தவிர, கூட்ட அறைவரை இருக்கிற பதினைந்தடியில் எனக்குப் பதினைந்து யோசனை வந்தது. வைத்தியலிங்கம் சாரை வெளியே கூப்பிட்டு மெதுவாகச் சொல்லலாம். ஏதோ கோளாறு சார், சரியாகிவிட்டது என்று சொல்லலாம், கோளாறு என்ற சொல்லில் யாரும் இருக்க மாட்டார்கள். ஆனால் ஆளில்லாத கோளாறைப் பற்றி ஐந்து பேர் பேசினால் கடைசியில் அது அங்கே இல்லாத மனுஷன் தலையில்தான் போய் விழும். பதினோரு வரியையும் அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் தட்டி உள்ளே போனேன். சார் ஏற்கெனவே பேசத் தொடங்கியிருந்தார். ஒரு நிமிஷம் சார் என்று சொல்லித் தாளை மேசை நடுவில் வைத்தேன். அழகேசன் சார் வேலை செய்யாமல் இருக்கவில்லை, நான் பெயர் மாற்றித் தடை போட்டுவிட்டேன், இது அவர் தினமும் வந்து பார்த்ததற்குக் களஞ்சியமே எழுதி வைத்த கணக்கு என்றேன். குரல் எனக்கே கேட்கிற அளவுக்குத் தெளிவாக இருந்தது. அறங்காவலர்களில் ஒரு கண் டாக்டர் அம்மா இருக்கிறார், தாளை எடுத்து மேலிருந்து கீழே விரலால் ஓட்டினார். "தெனமும் ஒம்பதரைக்கு வந்திருக்காரா?" என்றார். தினமும் வந்தார் மேடம், நான்தான் சாத்தி வைத்திருந்தேன் என்றேன். கீழே இயந்திரம் தட்டிக்கொண்டிருந்தது. "அப்ப திங்கக்கெழம வேற எதாவது ஏத்துங்க, அறிவியல் புதன்கெழம ஏறட்டும்" என்று அந்த அம்மா சொல்லித் தாளைச் சாரிடம் நகர்த்தினார், ஏஜென்சி என்ற சொல்லை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. நான் வெளியே வரும்போது சார் கூடவே கதவுவரை வந்தார். "எங்கிட்டத் தனியாச் சொல்லிருக்கலாமேம்மா" என்றார். சொல்லியிருக்கலாம் சார் என்றேன். கொஞ்சம் நின்றார். "காலைல அவர்கிட்ட நான் கொஞ்சம் வெடுக்குன்னு பேசிட்டேன். நான் ஒரு போன் போட்டுப் பேசணும்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு திரும்பிப் போனார். என் நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தேன். இனிமேல் பட்டியலில் பெயரோடு ஊழியர் எண்ணும் பொருந்தினால்தான் தடை விழும்படி மாற்றிவிட வேண்டும், இன்றைக்கே, சாப்பிடுவதற்கு முன்னால். மகள் விஷயம் வேறு. அங்கே நான் நிர்வாகி இல்லை, எந்தப் பக்கத்தைத் திறந்தும் காரணத்தைப் பார்க்க முடியாது, அவளிடம்தான் கேட்க வேண்டும். கேட்பேன், இரண்டாவது தடவையும் கேட்பேன், அசிங்கமாக இருந்தால் இருக்கட்டும்.

புதன்கிழமைவரை நேரம் இருக்கிறது என்று சொல்ல லால்குடிக்கு மறுபடியும் போட்டேன். கூட்டத்தில் என் தப்பு என்றே எழுதிக்கொண்டார்கள், உங்கள் வேலைக்கு ஒன்றும் இல்லை சார், டாக்டர் அம்மாவே சொல்லிவிட்டார் என்றேன். "நன்றி மேடம்" என்றார். பிறகு, "ஒரு நிமிஷம்" என்றார். போனை மேசையில் வைத்தார் போல, ஆனால் அணைக்கவில்லை. நாற்காலி நகர்ந்தது. "பூங்கோத" என்று கூப்பிட்டார், "இங்க வா, ஒங்கிட்ட ஒன்னு சொல்லணும்." அவர் மனைவி, எனக்குத் தெரியும், ஒருமுறை கூட வந்திருக்கிறார், அதிகம் பேசாத அம்மா. வளையல் சத்தம் பக்கத்தில் வந்தது. நான் வைத்திருக்க வேண்டும், அது நான் கேட்கிற பேச்சில்லை, வைக்க விரல் போயிற்று, போன விரல் அங்கேயே நின்றது. "பதினோரு நாளா நான் வேல பாக்கல. சும்மாத்தான் ஒக்காந்திருந்தேன். வேல போயிடுச்சுன்னு நெனச்சேன். போகலையாம்." "வேல பாக்கலன்னு தெரியும்" என்றது அந்த அம்மாவின் குரல். "தெரியுமா?" "மொத நாளே பாத்துட்டேன். பொட்டில லைட்டே எரியல. எரியாத பொட்டில என்னத்தப் படிப்பீங்க?" "அப்புறம் ஏன் கேக்கல?" "நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். பதினோரு மணிக்கு எப்பவும் போல காப்பி வச்சேன்ல." பிறகு அழகேசன் சார் மெதுவாக, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல, கேட்டார். "இதுல லைட்டு எரியுமா?"

"எரியுங்க" என்றார் அந்த அம்மா. "ஓரத்துல. பச்சையா, கடுகு அளவுக்கு. இந்தா, இப்ப எரியுது பாருங்க, இங்க, வெரலக் குடுங்க."